பெரியவர்கள்: இரண்டு

அயனம்பாக்கம் ஃபிளாட்டில் ஞாயிறு வெயில் லேப்டாப் திரையில் பட்டுக் கூசுகிறது. மொரீஷியஸ் தீவில், கடலையொட்டிய ரிசார்ட்டில், கோகுல்நாத் தனக்கும் மனைவி ரேவதிக்கும் அறை பதிவு செய்துகொண்டிருக்கிறான். ஆவடியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய அப்பா உத்தமன், கசங்காத தபால் உறையிலிருந்து புதுப் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைக்கிறார். "அடுத்த தபா என்னியும் இட்டுகினு போறேன்னு சொன்னியே நைனா, அதான் எடுத்துட்டேன்." அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார். திரையில் 'பெரியவர்கள்: 2' என்றிருக்கிறது. சமையலறையில் ரேவதி ஓட்டிக்கொண்டிருந்த மிக்ஸி நிற்கிறது. "ரெண்டு பேரும் நல்லா சுத்திட்டு வாங்க. செடிக்கு நான் தண்ணி ஊத்திகினு இங்கியே கீறேன்" என்று சிரித்தபடி பாஸ்போர்ட்டை உறைக்குள் திரும்பச் செருகுகிறார். "அப்பா..." என்கிறான் கோகுல்நாத். அதற்குமேல் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.