கூப்பிடு தூரம்

“காதை அடைச்சுக்கறதுக்கு ஒரு சாமானைக் காசு குடுத்து வாங்கப் போறாளாடா உன் பொண்டாட்டி?”

போனைத் தாண்டி வந்தது அக்காவின் குரல். பி.டி. மாஸ்டர் அவசரமாகக் கடை வாசலுக்கு நகர்ந்தார். உள்ளே அவர் மனைவி ஹெட்போன்கள் அடுக்கிய கண்ணாடி மேஜை முன்னால் நின்றிருந்தாள்.

“அவ வேலையே அதுலதானேக்கா...”

பாதி காற்றாகத்தான் வந்தது அவர் குரல். ஒரு காலத்தில் விசிலே தேவைப்படாத தொண்டை அது. ஒரு அதட்டல் போட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவன் அப்படியே நிற்பான். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு, குரல் பக்கத்து அறைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

“பெரிய வேலை! போன மாசம் நீ பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கத்தியிருக்கே. மகாராணி காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. இப்ப அதைவிட ஒசத்தியா ஒண்ணு வேணுமாக்கும்!”

“கத்தலைக்கா. கத்த எங்க முடியுது?”

“அதைத்தான் நானும் சொல்றேன்!” அக்கா போனை வைத்துவிட்டாள்.

அக்காவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து விற்கும் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் அவர் மனைவி. வாசிப்பவர்களின் இருமல், செருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் தேடிப் பிடித்து வெட்டியெடுக்க வேண்டும். மாஸ்டர் வேலையை விட்டபின் வீடு ஓடுவதே அதில்தான். பழைய ஹெட்போனுக்கு ஒரு காது செத்துப்போய்விட்டது. நல்லதாக ஒன்று, மிச்சத்தில் முதுகுவலிக்கு இதமாக ஒரு நாற்காலி என்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அதிலெல்லாம் அவருக்கு வருத்தமில்லை. நாளெல்லாம் ஊரார் இருமலை வெட்டிவிட்டு வந்தால், வெட்ட முடியாத இருமலோடு வீட்டில் ஒரு புருஷன். அலுத்துப் போயிருப்பாளோ என்பதுதான் அவரை அரித்தது. அன்றைக்குப் பாத்ரூமிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தவள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்திருப்பாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

உள்ளே போனார். விற்பனையாளர் இரண்டு ஹெட்போன்களை எடுத்து வைத்திருந்தார்.

“மேடம், உங்க பட்ஜெட்டுக்கு இது கனகச்சிதம். மாட்டிக்கிட்டா அவ்வளவுதான், வீடு இடிஞ்சாலும் தெரியாது. இன்னொண்ணும் நல்லதுதான். ஆனா விலை கூட.”

அவள் முதலாவதை மாட்டிக்கொண்டு, செல்போனில் ஒரு பதிவை ஓடவிட்டாள்.

“என்னங்க, அந்தக் கோடிக்குப் போய் என்னைக் கூப்பிடுங்களேன்.”

“இங்கேயா? நாலு பேர் பாக்கறாங்க.” அவளுக்குக் கேட்காதே என்று, சுற்றி நிற்பவர்களைச் சைகையிலும் காட்டினார்.

“பாக்கட்டும். வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே.”

வாஷிங் மெஷின் வரிசையைத் தாண்டிப் போய் நின்றார். அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“இந்தாம்மா...”

அசையவில்லை.

“இந்தாம்மா!”

வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், “என்னையா?” என்று திரும்பினாள். இவள் திரும்பவில்லை.

விற்பனையாளர் ஓடிப்போய்ச் சைகை காட்டினார். அவள் கழற்றியதும், “சார் கூப்பிட்டாச்சு மேடம்!” என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த கருவி என்கிற பெருமையோடு.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலை.”

“அதான் மேடம் இதோட மகிமை! பில் போட்டுடவா?”

மாஸ்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்: என்னை வைத்தே எனக்குத் தாழ்ப்பாள் போட்டுப் பார்க்கிறாளே!

“இருங்க, இதையும் பாத்துடறேன்.” அடுத்ததை மாட்டிக்கொண்டாள். “என்னங்க, இன்னொரு தடவை.”

கூப்பிட மனமே வரவில்லை. இருந்தாலும் கூப்பிட்டார். பாதிக் குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“இந்தாம்மா...”

சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“கேக்குது!”

ஹெட்போனோடு சொன்னதால் கடை முழுக்கக் கேட்டது.

விற்பனையாளர் நெளிந்தார். “அது இதுல ஒரு குறை மேடம். பின்பக்கம் வலை மாதிரி இருக்கு பாருங்க, வெளிச் சத்தமெல்லாம் உள்ளே வந்துடும். குறை இருக்கறதுக்குப் போய் கூட விலை குடுப்பீங்களா?”

“வாசிக்கிறவங்க மூச்சு விடறது துல்லியமா கேக்குது. இவர் கூப்பிடறதும் கேக்குது. இதுல என்னங்க குறை? இதையே குடுங்க.”

“அப்போ நாற்காலி?” என்றார் மாஸ்டர், பக்கத்தில் வந்து.

“தலைகாணியை வெச்சு ஓட்டிக்கலாம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அன்னைக்கு எவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே கிடந்தீங்களோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேக்கவே பயமா இருந்துச்சுங்க.”

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று தோன்றியது. சொல்லத்தான் வாய் வரவில்லை. பெண்டாட்டிக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லாத பரம்பரை.

அவள் பில் போடப் போனாள். போன் மறுபடி அடித்தது. அக்காதான்.

“என்னடா, காதை நல்லா அடைக்கிறதாப் பாத்து வாங்கிட்டாளா?”

“வாங்கிட்டாக்கா,” என்றார் மாஸ்டர். “ஆனா அவ காதுக்கு வாங்கலை. என் தொண்டைக்கு வாங்கியிருக்கா.”