பதிவாகும் அழைப்பு

தொற்று வந்த கடன் அதிகாரி தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். காய்ச்சல் விட்டதும் வங்கி வேலை அறைக்கே வந்துவிட்டது. தவணை கட்டாதவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்து வந்தவர், அடுத்த எண்ணைப் பார்த்ததும் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கடமை கடமைதானே?

“வணக்கம் மேடம், வங்கியிலேர்ந்து பேசறேன். உங்க தையல் கடைக் கடனுக்கு ரெண்டு தவணை பாக்கி.”

“கடையே ரெண்டு மாசமா பூட்டிக் கிடக்கு. கல்யாணம் இல்ல, பள்ளிக்கூடம் இல்ல. யாரு சார் தைக்கக் குடுப்பா?”

“புரியுது மேடம். ஆனா மேலிடத்துல கேக்கறாங்களே!”

“உங்க சம்சாரம் கடை வெச்சிருந்தாலும் இப்படித்தான் கழுத்துல கத்தி வெப்பீங்களா?”

“மேடம், இந்த அழைப்பு பதிவாகுது!” என்று கெஞ்சினார் அதிகாரி. “கோபப்படாதீங்க. சிறு தொழிலுக்கும் விவசாயத்துக்கும் ஆறு மாசம் தவணையைத் தள்ளி வெக்கலாம்னு இப்பதான் உத்தரவு வந்திருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“நிஜமாவா? வயித்துல பாலை வார்த்தீங்க சார்! படிவத்தை அனுப்புங்க.”

அதிகாரி போனை வைத்தார். படிவத்தை அச்சிட்டு, கதவுக்கு அடியில் தள்ளினார்.

ஒரே நிமிடத்தில் அது கையெழுத்தோடு உள்ளே திரும்பி வந்தது. வெளியிலிருந்து மனைவியின் குரலும் வந்தது.

“ஏங்க, சாப்பாடு ரெடி. இப்பவே வாசல்ல வைக்கவா, இல்ல அதையும் ஆறு மாசம் தள்ளி வெச்சுக்கலாமா?”