கழன்ற கனெக்டர்

“மறுபடியும் பிரிண்டர் படுத்துடுச்சா?” என்று மேனேஜர் சடகோபன் கத்தினார்.

“ஆமா சார். சர்வீஸுக்கு போன் பண்ணிட்டேன்,” என்றாள் கனிமொழி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த அலுவலகத்தில் பில் போடுவது அவள் வேலை.

சில நாளாக சர்வீஸுக்கு வரும் புது மெக்கானிக் டில்லிபாபு வந்து, பிரிண்டரின் பின்மூடியைக் கழற்றினான்.

“ஒயர் கனெக்டர் கழண்டுகினு கீது மேடம்.”

நேற்றும் அதேதான் கழன்றிருந்தது. கனிமொழி அவன் காதருகே குனிந்து ஏதோ கிசுகிசுத்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒயரையே பார்த்தான்.

சடகோபன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

“கனெக்டரைப் பிடுங்கறது நீதான். கேமராவுல பார்த்தேன். உனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, விசாரிச்சேன், அவனுக்கும் ஆயிடுச்சு. வெக்கமா இல்ல?”

“ரெண்டு பேருக்கும் ஒரே மேடையிலதான் சார் ஆச்சு. அவருதான் என் ஊட்டுக்காரரு.”

சடகோபன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மாங்காட்டுல தனி ஊடு பாக்கலாம்னு சொன்னேன் சார். அன்னிலேர்ந்து அவரு ஊட்ல மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு ஒரு வார்த்தை பேசறதில்ல. இங்க நான் கஸ்டமர். கேட்டா மேடம்னு பதில் சொல்லியே ஆவணும்ல?”

அதற்குள் டில்லிபாபு கதவருகே வந்து நின்றான்.

“மெஷின் ரெடி மேடம்.”

“நாளைக்கும் கழண்டுச்சுன்னா?”

“நாளைக்கு நான் லீவு மேடம். மாங்காட்டுக்கு ஊடு பாக்கப் போறேன். கூட வர்றீங்களா?”