டைப் அடிக்கத் தெரியாத மகன்

"எங்க அந்த டீச்சரம்மா? வரச் சொல்லு வெளிய!"

வாசலில் கேட்ட குரலில் டைப் இன்ஸ்டிடியூட்டே கப்சிப். பின்ரூமில் இருந்த தேவிப்ரியா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவள் டைப் டீச்சரே இல்லை. மனநல நிபுணர். போர்டு மாட்டி உட்கார்ந்தபோது ஈ, காக்கா வரவில்லை. வந்தால் பைத்தியம்னு பேர் கட்டிவிடுமே ஊர்! அதனால்தான் தேரடித் தெருவில், ராஜமாணிக்கம் சாரின் இன்ஸ்டிடியூட் பின்ரூமில், போர்டு இல்லாமல் பார்க்கிறாள். டைப் கிளாஸுக்கு வருவதுபோல வந்து, பேசிவிட்டுப் போவார்கள் பிள்ளைகள்.

எட்டிப் பார்த்தாள். கீழ்பென்னாத்தூர் கோதண்டராமன். ப்ளஸ் டூ பெயிலாகி, பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்த கலையரசனின் அப்பா.

பையனை அழைத்து வந்தது அம்மாதான். "அவருகிட்ட டைப் கிளாஸுன்னுதான் சொல்லியிருக்கேன். தெரிஞ்சா தொலைச்சிடுவாரு மேடம்" என்று அழுதிருந்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு. இப்போதுதான் அந்தப் பையன் நிமிர்ந்து ரெண்டு வார்த்தை பேசுகிறான்!

எதிர் டீக்கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. "பின்ரூம்ல மிஷினே இல்லியாமே?" என்று முந்தாநாள் ராஜமாணிக்கத்தைக் குடைந்த டீக்கடை அர்ஜுனன்தான் முன்வரிசையில்.

"மாசக்கணக்கா வரான். மொதப் பாடம் ஏ எஸ் டி எஃப்பையே தாண்டல எம்புள்ள! என்னாத்தம்மா சொல்லிக் குடுக்கற?"

வாயைத் திறந்தால் குட்டு உடையும். தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதாங்க. இனிமே ஒழுங்கா சொல்லித் தரேன்."

"சொல்லித் தரத் துப்பில்ல, இதுக்கு ஒரு கிளாஸு!"

அர்ஜுனன் சிரித்தான். "அட, டைப் கிளாஸுதானா? நான் என்னமோ நெனச்சேன்." கூட்டம் கலைந்தது.

கோதண்டராமன் விடவில்லை. விறுவிறுவெனப் பின்ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினார். தேவிப்ரியா ஓரடி பின்வாங்கினாள். இனி பையனை அனுப்பமாட்டேன் என்று சொல்லப் போகிறார்!

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். குரல் தணிந்தது.

"மன்னிச்சிக்குங்கம்மா. எனக்கு எல்லாம் தெரியும். டீக்கடையில உங்கள பத்தி கசமுசான்னு பேசிக்கினாங்க. வெளிய தெரிஞ்சா ஒரு புள்ளையும் வராதே... நேத்து எம்மவன், 'இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா'ன்னு கேட்டாம்மா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மறுபடியும் எவனாச்சும் சந்தேகப்பட்டா சொல்லி அனுப்புங்க. வந்து இதவிட ஜாஸ்தியா திட்டிட்டுப் போறேன்."