காகித விவாகரத்து

வாசல் மணி அடித்தபோது டுவெய்ன் குபியாக், சாமானெல்லாம் இறக்கி முடித்த கையோடு, தன் புது வீட்டின் சமையலறையில் நின்றபடி சாஸேஜில் கடுகு சாஸ் தடவிக்கொண்டிருந்தான். புது வீடு என்றால், சட்டப்படி அது அவனுடையது இல்லை. அவன் மனைவி கொலீனுடையது. கொலீனும் சட்டப்படி அவன் மனைவி இல்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த கொலீனின் முகம் மாறியது.

"வீட்டுவசதி ஆபீஸ்லேர்ந்து மிஸஸ் டில்மன் வந்திருக்காங்க."

"ஐயய்யோ, இன்னிக்கா?"

"ஒரு நாள் வந்து பார்ப்போம்னு சொல்லியிருந்தாங்க. கீழ போ, சீக்கிரம்!"

டுவெய்ன் சாஸேஜும் கையுமாக நிலவறைப் படிகளில் பாய்ந்தான். நல்ல வேளை, வண்டியைப் பின்சந்தில் நிறுத்தியிருந்தான்.

திட்டம் முழுக்க அவனுடையதுதான். மில்வாக்கியில் பாதி ஊர் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், பீர் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்த சங்கதி. முதல் முறை வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தில் பெரும்பகுதியை நகராட்சியே கொடுக்கிறது. சில வருடம் அங்கேயே குடியிருந்துவிட்டால் திருப்பித் தரக்கூட வேண்டாம். ஆனால் டுவெய்னும் கொலீனும் போன வருடம்தான் சொந்த வீட்டைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் எப்படி முதல் முறை ஆவார்கள்?

ஆகலாம். புருஷனோடு சேர்ந்து வாங்கிய வீட்டைத் தவிர வேறு வீடே இல்லாமல், பிரிந்து, பிள்ளையோடு தனியாக நிற்கிற பெண்ணுக்கு விதியில் விலக்கு உண்டு. அந்தச் சந்து போதாதா டுவெய்னுக்கு!

"பேப்பர்ல மட்டும் பிரிஞ்சுடுவோம். வீடு கைக்கு வந்ததும் மறுபடி கட்டிக்கலாம்" என்றான்.

"கோர்ட்ல ஏறி நின்னு பொய் சொல்ல எனக்கு வராது டுவெய்ன்."

"நான் சொல்லித் தரேன்."

படாத பாடு பட்டுத்தான் சம்மதிக்க வைத்தான். நீதிபதி கேட்டதற்கெல்லாம் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பொய் சொன்னால் கொலீனுக்குக் கழுத்து சிவந்துவிடும். இப்போது மிஸஸ் டில்மன் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்கப்போகிறாள். கழுத்து சிவந்தால் வீடு போகும், வழக்கு வரும், டுவெய்ன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

பனி அள்ளும் மண்வெட்டிக்கும் வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு, வெப்பக் காற்று மேலே போகிற தகரக் குழாயில் காதை வைத்தான். சமையலறையில் பேசுவது அத்தனையும் தெளிவாகக் கேட்டது.

"நல்ல வெளிச்சமான வீடு. யார் யார் இருக்கீங்க?"

"நானும் பொண்ணு டெஸ்ஸாவும்தான். அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"இப்ப வேற யாரும் இல்லையே?"

"இல்லையே."

டுவெய்னுக்கு மூச்சு வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க கொலீன். இந்தப் பணத்துக்காகவே பிரிஞ்ச மாதிரி நடிக்கிறவங்க இருக்காங்க. கேட்டாகணும்."

"கேளுங்க மேடம். நான் நடிக்கல."

"அவர் இங்க வந்து போறாரா?"

"சாமான் இறக்க வந்தார். இனிமே வர்றதுக்கு வேலை இல்ல."

"திரும்ப மனசு மாறி, சேர்ந்து வாழ்ற எண்ணம்?"

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. போச்சு, சிவந்துவிட்டாள் என்று டுவெய்ன் கண்ணை மூடிக்கொண்டான்.

"முந்தின வீட்டோட தவணையைச் சூதாட்ட விடுதியில கொண்டுபோய்க் கொட்டின ஆள் மேடம் அது" என்றாள் கொலீன். "கட்டிட்டேன், கட்டிட்டேன்னு மாசாமாசம் என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார். பேங்க்லேர்ந்து வீட்டைப் பூட்ட ஆள் வந்தப்பதான் எனக்கே தெரியும். எம் பொண்ணோட பொம்மையெல்லாம் நடைபாதையில மழையில நனைஞ்சு கிடந்துச்சு. மறுபடி அந்த ஆளை உள்ள விட்டா, என்னை மாதிரி முட்டாள் இந்த ஊர்ல உண்டா?"

அவள் குரல் உடைந்தது. டுவெய்ன் சத்தம் வராமல் தொடையில் தட்டிக்கொண்டான். அடி சக்கை! உண்மையைக் கொஞ்சம் கலந்து சொன்னால்தான் பொய் எடுபடும் என்று பாடம் நடத்தியவன் அவன்தானே. ஆனால் சிஷ்யை இந்தப் போடு போடுவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

மேலே மிஸஸ் டில்மன் மூக்கைச் சிந்துவது கேட்டது.

"நல்லா இருங்க கொலீன். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

கதவு சாத்தப்பட்டது. கார் கிளம்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, டுவெய்ன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான்.

"என்னா நடிப்புடி! பொய்யே வராதுன்னு அழுதவளா நீ? எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஒண்ணா ரெண்டா, சரஞ்சரமா எடுத்து விட்டியே!"

அவள் கழுத்தை உற்றுப் பார்த்தான். துளி சிவப்பு இல்லை.

கொலீன் நாற்காலியில் கிடந்த அவன் ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு பொய்தான் சொன்னேன் டுவெய்ன், வீட்ல வேற யாரும் இல்லன்னு, நீ கிளம்பிட்டா அதுவும் நெசமாயிடும்."