பெயர் சொல்லாத விமர்சனம்

நான்கு ஆல்பங்களை அலசிக் காயப்போட்ட கனிஷாய், ஐந்தாவதைப் பாடியவர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

ரேடியோ நேரலையில் மௌனம் பெருங்குற்றம். பிஷ்கெக் நகரம் முழுக்க அடுப்படியிலும் டாக்சியிலும் ஜனங்கள் ரேடியோவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் மிர்லான் இரண்டு கையையும் விரித்தான்.

அதுவரை அவள் வாய்க்குப் பஞ்சமே இல்லை. ஓஷ் நகரத்துப் பெண்ணின் காதல் பாட்டுகளை, "எல்லாப் பாட்டும் ஒரே மூக்கடைப்பு" என்றாள். அல்மாத்திப் பையன்களின் ராப்பில் கோபம் நிஜம், யார் மேல் என்பதுதான் அவர்களுக்கே தெரியவில்லை. தாஷ்கென்டிலிருந்து வந்த நடனப் பாட்டுகளுக்குக் கல்யாணத்தில் ஆடலாம், வீட்டில் கேட்க முடியாது. கரகோல் ராக் குழுவை மட்டும் கிட்டார் அடிக்கிற பெண்ணுக்காகப் பிழைத்துப்போகட்டும் என்று விட்டாள்.

ஒவ்வொருவர் பெயரையும் ஊர் பெயரோடு கணீரென்று சொன்னாள். திட்டினாலும் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள்.

ஐந்தாவது, மாமனாருடையது.

கிர்கிஸ் வீட்டு மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். நகரத்தில் பாதிப் பேர் இதையெல்லாம் எப்போதோ காற்றில் விட்டாயிற்று. ரேடியோவில் எதற்கும் அஞ்சாத கனிஷாய் இதை மட்டும் விடவில்லை.

ஆனால் அந்த மனுஷனுக்கு வேண்டியதே பெயர் ஒன்றுதான்.

ஒரு காலத்தில் அவர் பாடாத கல்யாணம் கிடையாது. கேசட் போனது, கூடவே அவரையும் ஊர் மறந்தது. செத்துப்போய்விட்டார் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். இந்த வயதில் பக்கத்து வீட்டுக்காரனின் கணினியை வைத்துக்கொண்டு எட்டுப் பாட்டு பதிவு செய்து, மற்றவர்களைப் போலவே நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். கனிஷாய் நிகழ்ச்சியில் ஒரு பெயர் காதில் விழுந்தால் போதும், மறுநாளே கல்யாண வீட்டார் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பெயரே இல்லாமல் யாரைத் தேடுவது?

காதுபேசியில் மிர்லான் குரல் கெஞ்சியது. "சொல்லித் தொலையேன் அக்கா. இன்னும் எதுக்கு உனக்கு இந்தப் பத்தியமெல்லாம்?"

அவள் பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினாள்.

கோமுஸ் வாத்தியத்தின் மூன்று தந்திகளும் மெல்ல எழுந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

குரல் போய்விட்டிருந்தது. முன்பு ஒரே தாவாகத் தாவி ஏறிய இடங்களில், இப்போது மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர் போல நின்று நின்று போனார். ஆனாலும் அடடா, அந்த நிற்கிற இடங்கள்! பாட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

சமையலறையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். தூரத்தில் குழாய் சொட்டுவது கேட்டது. அதை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை போலிருக்கிறது.

கனிஷாய் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் அந்தச் சமையலறைக்கே போனாள். சாயங்கால வெயிலில் ஜன்னல் முழுக்க மலைப்பனி சிவந்துகிடந்தது. எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிந்து மேலே மிதந்தன. அவர் மேஜையோரம் தோளில் துண்டோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். இவள் மாவுக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேரம் என்று ஒன்று அங்கே இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அங்கேயே இருந்துவிட வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது.

பாட்டு முடிந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது எங்க மாமா பாடினது" என்றாள். "பேரு என் வாயில வராது, மன்னிச்சுக்கங்க. மூணாவது பாட்டைத் தூக்கியிருக்கலாம். தாளம் ஒரு பக்கம் ஓடுது, இவர் ஒரு பக்கம் நடக்கறார். மத்த ஏழும், இந்த வருஷம் நான் கேட்டதுலயே முதல் தரம். வீட்டு ஆளைப் புகழறான்னு சொல்லுவீங்க. சொல்லிட்டுப் போங்க."

இதற்கு மேல் பொறுக்க முடியாமல், பெயரைத் தானே சொல்லிவிடலாம் என்று மிர்லான் தன் மைக்கைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மினுங்கியது. எடுத்து அப்படியே நேரலையில் விட்டான்.

"சலாம்! ரேடியோவில இருக்கீங்க. யாரு பேசறது, உங்க பேரு?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். கனிஷாய்க்கு அது போதுமாக இருந்தது.

முப்பது வருடமாக எந்த ரேடியோவிலும் கேட்காத பெயர் அது. இப்போது அவர் வாயைத் திறந்து சொன்னால் நாடே கேட்கும்.

"பேரு எதுக்குப்பா?" என்றது கிழக்குரல். "அந்தப் பொண்ணோட மாமனார் பேசறேன். மூணாவது பாட்டைப் பத்திச் சொன்னா பாரு, ரொம்பச் சரி."

மிர்லான் விசைப்பலகை மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கனிஷாய்க்கு விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனவர் இந்த மாமனார்தான்.

கனிஷாய் மைக்கை மறந்தாள், நகரத்தையும் மறந்தாள்.

"மாமா," என்றாள், "டீ குடிச்சீங்களா?"