இருமலோடு ஒரு சிம்பொனி

விலைமதிக்க முடியாத தன் மகளுக்கு அப்பா சொன்ன விலை, ஒரே ஒரு சரியான பதில். பெண் கேட்டு வந்த இளைஞனுக்கு ஒரே சிம்பொனியின் இரண்டு இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார்.

“எது ஒசத்தி, தம்பி?”

“முதல்ல போட்டதுதான் அங்கிள். ரெண்டாவது, கச்சேரியிலயே பதிவு பண்ணது. வயலின் இழையறப்ப ஏதோ ஒரு சனியன் லொக்கு லொக்குன்னு இருமி உயிரை வாங்குது.”

“அபாரமான காது! நானும் அதைத்தான் சொல்றேன். வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

“யாரு ஒத்துக்கல?”

“இருமினவதான். அன்னிக்குப் பக்கத்து சீட்டு. பாவமேன்னு ஒரு மிட்டாய் கொடுத்தேன், கல்யாணத்துல முடிஞ்சுது. அதோ, உங்க பின்னாலதான் காபியோட நிக்கறா.”

காபி வந்த வழியே திரும்பிப் போனது.

சம்மதக் கணக்கு: மகள் வரவு, அப்பா வரவு, அம்மா பாக்கி.